வளர்ப்புப் பாம்புகளுக்குக் குடற்புழு: கேள்வி பதில்

கேள்வி: புதிதாக வாங்கிய பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புக்கு எதற்கும் இருக்கட்டும் என்று குடற்புழு மருந்து ஒரு டோஸ் கொடுத்துவிடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி, முதலில் எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உருண்டைப்புழுவுக்கு பென்பெண்டசோல், நாடாப்புழுவுக்கு பிராசிகுவாண்டல், அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் என்று எது இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி மருந்து மாறும். பென்பெண்டசோல் அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையே கெடும், மெட்ரோனிடசோல் மீறினால் நரம்பு பாதித்துத் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பாம்பை எடை போட்டு மருத்துவர் சொல்லும் அளவைத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எச்சத்தில் எதை எடுப்பது?

வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருப்பது யூரிக் அமிலம், அதில் முட்டை தேடிப் பயனில்லை. பழுப்பாக, ஈரமாக இருக்கும் பகுதியை எடுத்து மூடி போட்ட சின்ன டப்பாவில் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், காய்ந்துபோனால் ஒற்றைச்செல் உயிரிகள் செத்துவிடும், நுண்ணோக்கியில் தெரியாது. ஒரு முறை எதுவும் இல்லை என்று வந்தாலும் நம்பி விட்டுவிடாமல் இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டில் ஊசிப்புழு முட்டை என்று இருக்கிறது. எலிதான் தீனி. பயமாக இருக்கிறது.

அது எலியின் புழுவாக இருக்கலாம், முட்டை பாம்பின் வயிற்றைக் கடந்து அப்படியே வெளியே வரும். எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள், மருந்தே தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: தின்ற எலியை மூன்றாம் நாள் கக்குகிறது, நடு உடம்பு வீங்கியிருக்கிறது.

கூண்டில் சூடு குறைந்தாலும் கக்கும்தான், ஆனால் வீக்கமும் சேர்ந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதை நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து இல்லை, சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. சாதாரண பிளீச்சிங் கரைசலுக்கும் சாகாது. இன்றே தனி அறைக்கு மாற்றுங்கள், மற்ற பாம்புகளைக் கவனித்து முடித்த பிறகு கடைசியாக இதைத் தொடுங்கள், இடுக்கி, தண்ணீர்ப் பாத்திரம் எல்லாம் இதற்கென்று தனியாக இருக்கட்டும்.

கேள்வி: ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கைவசம் இருக்கிறது. அதே அறையில் ஆமையும் வளர்க்கிறேன், இரண்டுக்கும் போடலாமா?

ஆமைக்குப் போட்டால் செத்துப்போகும். பாம்புக்கும் நீங்களாகப் போடாதீர்கள், சில இனங்களுக்கு ஆகாது. இன்னொன்று, ஆமை நோயே காட்டாமல் சுமக்கும் அமீபா ஒன்று பாம்பின் குடலைப் புண்ணாக்கிக் கொன்றுவிடும். இரண்டையும் வேறு அறையில் வையுங்கள்.

கேள்வி: மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறதே?

கூண்டைப் பாருங்கள். கொக்கிப்புழு மாதிரியானவை அடிவிரிப்பில் பொரிந்து மறுபடி உள்ளே போகும். மரத்தூளை அள்ளி வெளியே கொட்டிவிட்டு வெறும் காகிதம் விரியுங்கள், எச்சம் விழுந்த உடனே மாற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து மறு டோஸ் சொல்வார்கள், அதை விடாதீர்கள், அப்புறம் எச்சத்தை மறுபடி பரிசோதியுங்கள்.