அண்ணாச்சி பதில்கள்: சாமானை மாடிக்கு ஏற்றவா, வேண்டாமா?

குமரிக்கடல் பக்கம் தாழ்வுப்பகுதி உருவாகலாம், நம்ம நெல்லை மாவட்டத்தில் கனமழைக்கு வாய்ப்பு என்று அறிவிப்பு வந்ததிலிருந்து தபாலில் வேறு கேள்வியே இல்லை. சினிமா கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, இந்தக் கார்த்திகையில் மட்டும் இரண்டு தடவை கனமழை என்றார்கள். மாடியில் போட்ட துணி மொறுமொறுவென்று காய்ந்ததுதான் மிச்சம். இப்போது மறுபடியும் சொல்கிறார்கள். சாமானை மாடிக்கு ஏற்றலாம் என்றால் எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார். ஏற்றவா, வேண்டாமா?
– வாசகி, வண்ணார்பேட்டை

ஏற்றுங்கள் தாயி. சிரிக்கிறவரையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அவர் சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். 2020 டிசம்பரில் புரெவி புயல் நம்ம பக்கம்தான் வருகிறது என்று தென்மாவட்டங்களுக்குப் பொது விடுமுறையே விட்டார்கள். அது ராமநாதபுரம் பக்கம் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து உட்கார்ந்துகொள்ள, மழை கொட்டியதென்னவோ சிதம்பரம் பக்கம். சரி, மூன்று வருஷம் கழித்து 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வந்தது புயலே இல்லை. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் பெயர் வைப்பார்கள், இது பெயரில்லாத ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். மறுநாள் காலையில் கணக்கெடுத்தால் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், நம்ம பாளையங்கோட்டையில் 44.

அன்றைக்கு நானும் சிரித்தவன்தான். '1992 வெள்ளத்துக்கே இந்தத் தெருவில் தண்ணி ஏறலையே' என்று எங்க அப்பா சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, இன்வெர்ட்டர் பேட்டரி, அரிசி மூடை, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் படுத்தேன். விடியக்காலம் முழங்கால் தண்ணீரில் பத்திரத்தைத் துழாவி எடுத்து, அப்புறம் ஒரு வாரம் அதைத் தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தேன். 1992-க்குப் பிறகு ஓடையை ஒட்டி எத்தனை கட்டடம் வந்தது, ரோட்டை எத்தனை தடவை உயர்த்திப் போட்டார்கள் என்பதெல்லாம் அப்பாவின் கணக்கில் கிடையாது.

அதனால் வருமா வராதா என்று வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டாதீர்கள். வராமல் போனால் உங்களுக்கு என்ன போகும், வந்துவிட்டால் என்ன போகும், அதை மட்டும் பாருங்கள். பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகள் சர்டிபிகேட், மாத்திரை, அரிசி, பேட்டரி இதெல்லாம் அரைமணி நேர வேலை, இன்றைக்கே மேலே போகட்டும். கட்டில், பிரிட்ஜ் மாதிரி ஆள் பிடித்துத் தூக்கவேண்டியதை ஆரஞ்சு எச்சரிக்கை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கரண்ட் இருக்கும்போதே மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். கேஸ் சிலிண்டரைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டுங்கள், தண்ணீர் வந்தால் அது மிதந்து போய்விடும். மாவு நிறைய ஆட்டிவைக்காதீர்கள். பிரிட்ஜ் ஓடாவிட்டால் தெருவே புளித்த தோசை தின்னவேண்டி வரும்.

கேள்வி: 'நெல்லை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிக கனமழை' என்றார்கள். டவுனில் பொட்டுத் தூறல் இல்லை. இது பொய்தானே?
– வாசகர், திருநெல்வேலி டவுன்

பொய் இல்லை அண்ணாச்சி, 'ஓரிரு இடங்களில்' என்பதை நாம் காதில் வாங்குவதே இல்லை. மழைமானி இருக்கிற இடங்களில் கால்வாசிக்குள்தான் பெய்யும் என்பது அதற்கு அர்த்தம். நம்ம மாவட்டத்தில் அந்த ஓரிரு இடம் பெரும்பாலும் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலையாகத்தான் இருக்கும். நீங்கள் ரதவீதியில் வெயிலில் நின்று அல்வா தின்றுகொண்டிருக்கிற அதே நேரம் மேலே மலையில் 12 சென்டிமீட்டர் பெய்திருக்கலாம், 11.5-ஐத் தாண்டினாலே மிக கனமழைதான், 20.4-ஐயும் தாண்டினால் அதிகனமழை. அங்கே பெய்கிற தண்ணீர் எங்கே போகும்? தாமிரபரணியில் இறங்கி, உங்களுக்குக் கீழே குறுக்குத்துறைக்குத்தான் வரும். தினமும் காலையில் வெளியாகிற மழையளவுப் பட்டியலில் டவுனை விட்டுவிட்டு ஊத்து என்ன, பாபநாசம் என்ன என்று பாருங்கள்.

கேள்வி: ஏத்தன் வாழை போட்டிருக்கேன். பாதி மரம் குலை தள்ளி நிற்குது. காற்று வரும்னு பயந்து தாரை இப்பமே வெட்டிரலாமா?
– வாசகர், களக்காடு

முற்றாத தாரை வெட்டாதீர்கள். மேலே வண்ணார்பேட்டைத் தாயிக்குச் சொன்ன கணக்கு உங்களுக்குத் திரும்பி நிற்கும். மாடிக்கு ஏற்றிய அரிசியைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், வெட்டிய தாரை மரத்தில் ஒட்டமுடியாது, விலையும் பாதிக்குப் போகாது. முற்றியதை மட்டும் வெட்டி ஏற்றிவிட்டு, மிச்சத்துக்கு முட்டுக்கம்பு கொடுங்கள். இந்த வாரம் காற்று வராவிட்டாலும் அந்தக் கம்பு அடுத்த மாதத்துக்கு ஆகும். வாய்க்காலை வெட்டி வடிகால் திறந்து வையுங்கள், உரம் போடுவது மழை கழிந்த பிறகு இருக்கட்டும்.

கேள்வி: குற்றாலம் மெயினருவியில் வெள்ளம் சீறுகிற வீடியோ எங்க குடும்ப குரூப்பில் வந்தது. ஆற்றில் வெள்ளம் வந்துவிடும், வீட்டை விட்டு இப்பவே கிளம்பணும் என்று ஆச்சி பையைக் கட்டிவிட்டாள். நிஜமாகவே கிளம்பணுமா?
– வாசகி, சிந்துபூந்துறை

ஆச்சியிடம் சொல்லுங்கள், குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறு. அது தாமிரபரணியில் சேருவது சீவலப்பேரியில், அதாவது உங்கள் ஊரைத் தாண்டிய பிறகு. உங்களுக்குக் கணக்கு பாபநாசம், மணிமுத்தாறு, அப்புறம் திருப்புடைமருதூரில் வந்து சேருகிற கடனாநதி. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118. நீர்மட்டம் அதற்குக் கிட்டே நிற்கும்போது மலையில் ஒரு நல்ல மழை பெய்தால் உள்ளே வருவதை அப்படியே ஆற்றில் விடவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ஊரிலும் பெய்தால் யோசிக்காமல் கிளம்புங்கள், இருட்டுவதற்கு முன்னாடி. சந்தேகமாக இருந்தால் 1077-க்கு அடித்துக் கேளுங்கள், அது கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை. வீடியோவில் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள், மழை வாசனை வந்தாலே பழைய வீடியோவெல்லாம் ஈசல் மாதிரி கிளம்பிவிடும். ஆச்சி கட்டிய பையை மட்டும் அவிழ்க்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: மாமா, திங்கட்கிழமை லீவு விடுவாங்களா?
– ஏழாம் வகுப்பு, மேலப்பாளையம்

அதை வானிலை மையத்தாலேயே சொல்லமுடியாது மருமகனே. வீட்டுப்பாடத்தை எழுதிவிட்டு டிவியைப் பார்.