அப்பா பேச்சை மீறி வெளிநாட்டு வேலைக்குப் போனா அது பாவமா?

கல்யாணம் ஆகி குழந்தை இருக்கு, துபாய்ல நல்ல வேலை கிடைச்சிருக்கு, ஆனா அப்பா போகக்கூடாதுன்னு சொல்றாரு, "தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு"ன்னு பைபிள்ல வசனம் இருக்கே, மீறிப் போனா பாவமான்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா போறது பாவம் இல்லைங்க. ஆனா போன பிறகு அவங்களை எப்படி வச்சுக்கறீங்கங்கறதுலதான் அந்தக் கட்டளை உங்களைப் பிடிக்கும்.

நாம இந்த வசனத்தை (யாத்திராகமம் 20:12) சண்டே ஸ்கூல்லயே மனப்பாடம் பண்ணிட்டதால அது ஏதோ சின்னப் பிள்ளைங்களுக்கு சொன்னதுன்னு மனசுல பதிஞ்சுபோச்சு. அதே அதிகாரத்துல விபசாரம் செய்யாதே, பிறன் மனைவியையும் அவன் எருதையும் இச்சிக்காதேன்னு வருது, இதெல்லாம் எட்டு வயசுப் பையனுக்கா சொல்லுவாங்க? வளந்து குடும்பம், சொத்துன்னு இருக்கறவங்களுக்கு சொன்னது. அப்ப அவங்களைப் பெத்தவங்க யாரு, உழைக்க முடியாத வயசானவங்க. நீதிமொழிகள் 23:22 நேராவே சொல்லிடுது, தாய் வயதுசென்றவளாகும்போது அசட்டைபண்ணாதேன்னு.

இயேசு இதுக்காகக் கோபப்பட்ட இடம் மாற்கு 7. பெத்தவங்களுக்குக் கொடுக்க வேண்டியதை "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கைன்னு சொல்லிட்டா அவங்களுக்கு உதவி செய்யவேண்டாம்னு அந்தக் கால யூத மதத் தலைவர்களான பரிசேயர்கள் விட்டுட்டாங்க, அதைத்தான் தேவ வசனத்தையே அவமாக்கறீங்கன்னு கண்டிச்சாரு. எனக்கு இந்தப் பகுதி வாசிக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும், ஏன்னா கன்வென்ஷன் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்குல காணிக்கை குடுக்கற வீட்டுல அம்மா முட்டிவலி மாத்திரைக்குப் பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்கறதை நான் கண்ணால பாத்திருக்கேன். தசமபாகம், அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கு, சபைக்குக் கரெக்டா கட்டிட்டேன்னு நிம்மதியா தூங்க முடியுமாங்க அந்த மகனால? 1 தீமோத்தேயு 5:8-ல பவுல் சொந்த வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்னு எழுதுறாரு, இதைவிடக் கடுமையா என்ன சொல்லணும்.

நம்ம நாட்டுல 2007-ல பெற்றோர் பராமரிப்புச் சட்டம்னு ஒண்ணு வந்து, பிள்ளைங்க கவனிக்கலைன்னா தீர்ப்பாயத்துல மனு குடுத்து மாசாமாசம் பணம் வாங்கலாம்னு இருக்கு. விசுவாசி வீட்டு அப்பா ஒருத்தர் அங்க போய் நிக்கிற நிலைமை வரவே கூடாது.

இன்னொண்ணு, இதை மனைவி தலையில கட்டிடாதீங்க. நீங்க துபாய்ல இருந்து போன்ல விசாரிச்சுட்டு மாமனாரை மருமகதான் பாத்துக்கணும்னா அவங்க பெத்தவங்களை யார் பாக்கறது, அவங்களுக்கும் அதே கட்டளைதானே. பைபிள்ல ரூத் தன் மாமியார் நகோமிக்காக வயல்ல வாற்கோதுமை பொறுக்கிட்டு வந்தது அவளா மனசார எடுத்த முடிவு, யாரும் அவளை நிர்ப்பந்திக்கலை.

கீழ்ப்படியறது வேற, கவனிக்கிறது வேறன்னு இயேசுகிட்டயே பாக்கலாம். பன்னெண்டு வயசுல யோசேப்பு மரியாளுக்குக் கீழ்ப்படிஞ்சிருந்தாருன்னு லூக்கா 2 சொல்லுது, பெரியவரானப்புறம் அம்மாவும் சகோதரரும் வெளியே நின்னு கூப்பிட்டப்ப தேவனுடைய சித்தத்தைச் செய்றவங்கதான் எனக்குத் தாயும் சகோதரரும்னு சொல்லிட்டாரு, ஆனா சிலுவையில தொங்கற வேதனையிலயும் அம்மாவை யோவான்கிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் போறாரு (யோவான் 19).

அதனால உங்க அப்பாகிட்ட ஏன் வேண்டாங்கறாருன்னு முதல்ல உக்காந்து கேளுங்க. பாதி அப்பாமாருக்கு பயம்தான், தனக்கு ஒண்ணுன்னா யார் வருவாங்கன்னு. சுகர், பிரஷர் செக்கப்புக்கு யார் கூட்டிட்டுப் போவாங்க, ராத்திரி நெஞ்சுவலின்னா யாருக்கு போன் போடணும், மாசம் எவ்வளவு அவர் அக்கவுண்ட்லயே நேரா விழும்னு அவர் முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க, அக்கா தங்கச்சி இருந்தா அவங்களையும் வச்சுப் பேசுங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னே சொன்னா, எதுத்துப் பேசாம, சண்டை போடாம, ஜெபம் பண்ணச் சொல்லிட்டு டிக்கெட் போடுங்க.