தெருப் பூனை வீட்டுக்குள் தங்குமா?

கேள்வி: இரண்டு வாரமாக ஒரு தெருப் பூனை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறது. உள்ளேயே வைத்து வளர்த்தால் பழகுமா?

பழகும். ஆனால் அவசரப்பட்டுத் தூக்கிக் கொஞ்சாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். புறங்கையில் நான்கு கோடு விழுந்தது. சோப்புப் போட்டு 15 நிமிடம் குழாயில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு வைத்து நான்கு முறை ஊசி. "பூனை பிறாண்டினதுக்கா?" என்று அம்மா சிரித்தாள். வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும்.

எங்களுக்குச் செங்கோட்டை. ஆரியங்காவுப் பக்கமிருந்து வருகிற சாரல் ஆனியில் பிடித்தால் லேசில் விடாது. அப்படி ஒரு சாரலில்தான் எங்கள் பூனை நனைந்து வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. அடுத்த வீட்டு அக்கா கேரளத்துப் புனலூர்க்காரர். மலையாளத்தில் பூனைக்குப் பூச்ச என்று பெயர். "பூச்ச, பூச்ச" என்று அவர் கூப்பிட்டதே பெயராகிவிட்டது. யாராவது வளர்த்த பூனையா என்று முதலில் தெருவில் விசாரித்தோம். இல்லை.

முழு வீட்டையும் ஒரேயடியாகத் திறந்து விட்டால் அது மிரளும். நாங்கள் சாமான் அறையை மட்டும் கொடுத்தோம். பழைய லுங்கி விரித்த அட்டைப் பெட்டி, ஒரு மூலையில் சாப்பாடு, எதிர் மூலையில் மலஜலத்துக்கு மணல் பேசின். நான்கு நாள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ராத்திரியில் மட்டும் தின்றது. நான் அங்கே போய்ச் சும்மா போன் பார்த்துக்கொண்டு உட்காருவேன். உற்றுப் பார்த்தால் சண்டைக்கு வருகிறோம் என்று நினைக்குமாம், அதனால் கண்ணை மெதுவாக மூடித் திறப்பேன். ஆறாம் நாள் சாயங்காலம் வந்து என் கால் கட்டைவிரலில் கன்னத்தைத் தேய்த்தது. கன்னத்தில் வாசனைச் சுரப்பி உண்டு. தன் வாசனையைப் பூசிவிட்டுப் போகிறது.

பேசின் விஷயத்தில்தான் பாடுபட்டோம். சாரலில் மணல் காயாது என்று அறுவை மில்லில் மரத்தூள் வாங்கிப் போட்டேன். பூச்ச ஜமுக்காளத்தில் போனது. கடைசியில், முருங்கைக்கு அடியில் அது வழக்கமாகத் தோண்டும் இடத்து மண்ணை இரண்டு கை அள்ளி மேலே தூவினோம். அன்றே சரியாகிவிட்டது.

பால் வைக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்க்கவும் முடியாது. கறியிலும் மீனிலும் இருக்கிற டாரின் என்கிற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். நாங்கள் சாளை மீனை உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்துப் போடுகிறோம். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு ஆகாது. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

அப்புறம் கால்நடை மருத்துவரிடம் குடற்புழு மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி. பெட்டையாக இருந்தால் கருத்தடையைத் தள்ளிப் போடாதீர்கள்; சினையானால் ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். பூச்ச ராத்திரியெல்லாம் வாசலில் நின்று கத்திய கத்தலும் அறுவைக்குப் பிறகுதான் நின்றது.

முழுதாக வீட்டோடு ஒட்ட இரண்டு மாதம் ஆனது. இப்போது கதவு திறந்திருந்தாலும் வாசற்படி வரை போய், ஈரத்தை மோந்து, காலை உதறிவிட்டுத் திரும்பிவிடுகிறது. குக்கர் விசில் அடித்தால் மட்டும் இன்றைக்கும் அரிசிப் பானைக்குப் பின்னால்தான் ஓட்டம்.