வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: முதல் வார வேகம் ஏன் மூன்றாம் வாரத்தில் காணாமல் போகிறது?

ஒவ்வொரு ஜனவரியிலும் வாக்கிங் ஆரம்பிக்கிறேன். பொங்கல் முடிந்ததும் நின்றுவிடுகிறது. 42 வயது, கடையில் உட்கார்ந்த வேலை. எனக்கு மன உறுதி இல்லையா?
– ஒரு வாசகர், திருச்சி

மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். ஆரம்பிக்கும் அளவில்தான் தப்பு. பல வருடம் உட்கார்ந்தே இருந்த கால், முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தால் மூன்றாம் நாள் கெண்டைக்காலும் குதிகாலும் வலிக்கும். வலியோடு ஐந்தரை மணிக்கு எழுந்திருக்க யாருக்கு மனசு வரும்?

முதல் இரண்டு வாரம் பத்தே நிமிடம் நடங்கள். "இவ்வளவுதானா?" என்று தோன்றினாலும் கூட்டாதீர்கள். இந்தப் பதினான்கு நாளில் உடம்பு இளைக்காது. வீட்டை விட்டு இறங்கும் பழக்கம்தான் உருவாகும். மூன்றாவது வாரம் 15 நிமிடம், அதன்பின் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30-க்கு வாருங்கள். வாரம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அந்த அளவுகோல் போதும்.

அடுத்தது, மணியை நம்பாதீர்கள். முந்தின நாள் கடை அடைக்க நேரமானால் ஐந்தரை ஆறரையாகிவிடும், "இன்னிக்கு வேண்டாம்" என்று படுத்துவிடுவீர்கள். தினமும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தின் வாலில் நடையைக் கட்டிவிடுங்கள். காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் ஷூ, அவ்வளவுதான். இரவே ஷூவுக்குள் சாக்ஸைச் சுருட்டி வாசற்படி அருகில் வைத்துவிட வேண்டும். பீரோவில் சாக்ஸ் தேடும் இரண்டு நிமிடத்தில்தான் பலருடைய வாக்கிங் நின்று போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் இப்போதே முடிவெடுத்துக்கொள்ளுங்கள்: மழை பெய்தால் ஹாலில் எட்டுப் போட்டு நடப்பேன், பத்து நிமிடம்.

ஒரு பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்கிறார்களே, அதை நம்பி 22-ஆம் நாள் ஏமாந்தவர்கள் அநேகம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 84 நாள் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுத்தரமாக 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுப்போவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே விட்ட நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாக நடக்க வேண்டாம், அந்த வாரத்து வழக்கமான அளவு போதும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஐந்து பேருக்குச் சமைக்கிறேன். எனக்கு மட்டும் டயட் சாப்பாடு செய்து பார்த்தேன், பத்து நாளில் அலுத்துவிட்டது. மீந்ததையும் நானே சாப்பிடுகிறேன்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

தனிச் சமையலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இரண்டு அடுப்பு வேலை யாராலும் நீடிக்காது. எல்லோருக்கும் செய்கிற அதே சாம்பார், அதே பொரியல்தான் உங்களுக்கும். தட்டில் விழும் வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் பொரியல், கூட்டு, கீரை சேர்ந்து பாதித் தட்டு. பிறகு கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ. மிச்சமிருக்கிற கால் தட்டில் சாதம். சாதத்தை முதலில் போட்டால் அது தட்டை அடைத்துக்கொள்ளும், காய் ஓரத்தில் ஊறுகாய் மாதிரி நிற்கும்.

சாதத்தை அடியோடு விடாதீர்கள். விட்டவர்கள் மூன்றாம் நாள் ராத்திரி மிக்சர் டப்பாவைத் திறக்கிறார்கள். இப்போது மூன்று கரண்டி என்றால் இரண்டரை, பத்து நாள் கழித்து இரண்டு.

காலைச் சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும். நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டால் பதினோரு மணிக்குப் பசி வரும், கை பிஸ்கட்டுக்குப் போகும். புரதம் போதாததுதான் காரணம். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு. 60 கிலோ இருப்பவருக்குச் சுமார் 50 கிராம். இரண்டு இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றிப் பாருங்கள். முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் சாயங்காலம் சுண்டல் செய்யலாம். ஊறவைக்காத 50 கிராம் கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 10 கிராம் கிடைக்கும்.

எண்ணெய்க்கு ஒரு வழி. தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டரை ஒன்றாம் தேதியே தனித் தூக்கில் ஊற்றி வையுங்கள். பாக்கெட்டிலிருந்து நேராக வாணலியில் சாய்த்தால் அளவு தெரியாது. ஸ்பூனால் விடுங்கள், ஒரு டீஸ்பூன் 45 கலோரி. இருபதாம் தேதி தூக்கு காலியானால் யாரும் சொல்லாமலே விஷயம் புரியும்.

மீந்ததை அப்போதே டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வீணாகக் கூடாதே என்று வயிற்றில் போடுவதும் வீண்தான், அம்மா.

மூன்று வாரமாக ஒழுங்காக இருக்கிறேன். முதல் வாரம் ஒன்றரைக் கிலோ இறங்கியது, பிறகு முள் அசையவில்லை.
– ஒரு வாசகி, மதுரை

முதல் வாரம் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் ஒரு கிராம் கிளைக்கோஜன் (உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து) சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்; அது கரையும்போது தண்ணீரும் போகும். கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. முந்தின நாள் அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்டாலோ, மாதவிலக்கு நெருங்கினாலோ எடை ஒரு கிலோ கூடவும் காட்டும்.

தினமும் ஏறி நின்று மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, எதுவும் குடிக்காமல் எடை பாருங்கள். அதோடு டெய்லர் டேப்பால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளந்து குறியுங்கள். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எடை நிற்கும்போதே இடுப்பு குறைவதுண்டு.

அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை. எவ்வளவு சொன்னாலும் நடக்க மாட்டேன் என்கிறார்.
– ஒரு வாசகி, சேலம்

சொல்வதை ஒரு மாதம் விட்டுவிடுங்கள். "வாங்கப்பா, பால் வாங்கிட்டு வந்துடலாம்" என்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் கூடவே நடங்கள். சாப்பிட்டபின் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். அதைச் சர்க்கரை அளக்கும் மீட்டரில் அவரே பார்த்துக்கொண்டால் உங்கள் நூறு புத்திமதிக்குச் சமம்.

சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் என்றால் வெறும் வயிற்றில் நீண்ட நடை வேண்டாம், டாக்டரிடம் முதலில் கேளுங்கள். சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வேர்த்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, உட்காரவைத்து, 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தின் அடியில் கொப்புளம், கீறல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் அவருக்குத் தெரியாது.