ரோமானியத் தங்கக் காசுகளில் பேரரசரின் முகத்தை ஏன் பொறித்தார்கள்?

ஆட்சியில் இருப்பது யார் என்பதை மூலை முடுக்கெல்லாம் சொல்ல அன்று காசை விட நல்ல வழி இல்லை. ரோம் நகரக் காசுகளில் முதலில் தெய்வங்களும் மறைந்த முன்னோர்களும்தான் இருந்தார்கள். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் உயிரோடு இருக்கும்போதே அவர் முகம் வெள்ளிக் காசில் வந்தது. முதல் பேரரசரான அகஸ்டஸுக்குப் பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

தங்கக் காசின் பெயர் அவுரியஸ். சுமார் 8 கிராம் எடை. தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுகள் 25க்குச் சமம். அகஸ்டஸ் காலத்தில் ஒரு காலாட்படை வீரனின் ஆண்டுச் சம்பளமே 9 அவுரியஸ்தான் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நீரோவின் காசுகள். கி.பி. 54இல் 16 வயதில் அரியணை ஏறியபோது, அவரும் தாய் அக்ரிப்பினாவும் நேருக்கு நேர் பார்ப்பதுபோல் பொறித்தார்கள். முகங்களைச் சுற்றி இருந்தது தாயின் பெயர். மகனின் பெயர் பின்பக்கம். அடுத்த ஆண்டே நீரோவின் முகம் முன்னால் வந்து, தாயின் முகம் அதன் பின்னால் ஒதுங்கியது. அப்புறம் அவர் காசிலிருந்தே மறைந்துவிட்டார். 59இல் மகனே அவரைக் கொல்ல வைத்தார். அரண்மனை அதிகாரப் போட்டியை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சான்று வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

பின்பக்கத்தில் பல நேரம் வெற்றிச் செய்தி இருக்கும். எகிப்தைப் பிடித்ததற்கு அகஸ்டஸ் ஒரு முதலையைப் பொறித்தார்.

இந்தக் காசுகள் நம் ஊருக்கும் வந்தன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 அவுரியஸ்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள்.