வாசகர் கேள்வி – பதில்: ஏற்காட்டு மண்டபத்தில் புள்ளலூர்ப் போர்

கேள்வி: சேலத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகன், ஏற்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நடைபெறும் வரலாற்று மினியேச்சர் போர் விளையாட்டுக் கூடுகைக்குச் செல்ல வேண்டும் என்று கேட்கிறான். வளர்ந்தவர்கள் பொம்மைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் அங்கே என்னதான் செய்கிறார்கள்?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: தாராளமாக அனுப்பி வையுங்கள் அம்மா, இயன்றால் நீங்களும் உடன் செல்லுங்கள். அப்படியொரு கூடுகையில் காலையிலிருந்து மாலை வரை இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரலாற்றுப் பாடத்தில் நான்கு வரிகளில் முடிந்துபோகும் ஒரு போர் ஏன் அப்படி நடந்தது என்பதை அங்கே ஒரே நாளில் கண்ணாரக் காண முடிகிறது.

சேலம், கோவை, பெங்களூரு ஆகிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் காலையிலேயே மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பச்சைத் துணி விரித்தார்கள். தெர்மாகோலில் செதுக்கிய குன்றுகள், தேங்காய் நாரில் செய்த மரங்கள், சாயம் தோய்த்த மரத்தூள் புல்வெளி, இவற்றின் மேல் 28 மில்லிமீட்டர் உயரமுள்ள படைவீரர்கள் அணிவகுத்தார்கள். ஒவ்வொரு பொம்மையின் அடித்தட்டிலும் காந்தத் தாளை ஒட்டித் தகரப் பெட்டிக்குள் நிறுத்திக் கொண்டுவந்திருந்ததால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தும் ஒரு துப்பாக்கி முனைகூட வளையவில்லை. ஒரு மேசையில் நெப்போலியன் தோற்ற 1815ஆம் ஆண்டின் வாட்டர்லூ, இன்னொன்றில் இரண்டாம் உலகப் போரின் 1944ஆம் ஆண்டு நார்மண்டி. நான் நாளின் பெரும்பகுதியைக் கழித்தது 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் நடந்த புள்ளலூர்ப் போர் மேசையில். பல்லவர் காலத்திலும் போர் கண்ட ஊர் அது.

நடந்த கதை இது. குண்டூரிலிருந்து தெற்கே வந்த கர்னல் பெய்லியின் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் பெரும்படையோடு சேர வேண்டும். பெய்லி ஆகஸ்ட் 25 அன்று கொற்றலை ஆற்றை அடைந்தபோது எளிதில் கடந்திருக்கலாம். ஆனால் வடகரையிலேயே தங்கினார். பிறகு வெள்ளம் வந்து செப்டம்பர் தொடக்கம் வரை அவரைக் கட்டிப்போட்டது. அந்த இடைவெளியில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி தம் மகன் திப்புவை அவர்மீது அனுப்பினார். மன்றோ அனுப்பிய உதவிப்படையும் சேர்ந்து ஏறத்தாழ 3,800 பேரான பெய்லியின் படை, இறுதியில் ஹைதரின் முழுப்படையாலும் சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, எஞ்சியவர்கள் சிறைப்பட்டார்கள். சில மைல்களுக்கு அப்பால் இருந்த மன்றோ உரிய நேரத்தில் வந்து சேரவில்லை.

இனி மேசைக்கு வருவோம். ஒரு பொம்மை 50 பேருக்குச் சமம் என்ற கணக்கில் பெய்லியிடம் 76 பொம்மைகள் இருந்தன. காலாட்படை இத்தனை அங்குலம், குதிரைப்படை இத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து நகர்த்துகிறார்கள். சுட்டால் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்கிறது. இழப்பு ஓர் அளவைத் தாண்டினால் அந்த அணி நிற்குமா ஓடுமா என்று மன உறுதிக்குத் தனியாக ஒரு பகடை உருட்ட வேண்டும். என்னை மிகவும் ஈர்த்தது நடுவர் செய்திருந்த ஓர் ஏற்பாடு. மன்றோவாக ஆடியவரை அவர் மேசைக்கருகில் விடவில்லை. பக்கத்து அறையில் ஒரு வரைபடத்தோடு உட்கார வைத்து, அவ்வப்போது சென்று, “வடக்கே பீரங்கிச் சத்தம் கேட்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அது எவ்வளவு தூரத்தில், யார் யாரைச் சுடுகிறார்கள் என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பக் கேட்டார், பதில் கிடைக்கவில்லை. மன்றோவின் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. அந்த அறையின் வாசலில் நின்று பார்த்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பெய்லியாக ஆடிய கல்லூரி மாணவி தம் முதல் நகர்த்தலிலேயே ஆற்றைக் கடந்து தென்கரையில் பாசறை அமைத்தார். அந்த ஒரே முடிவால் ஆட்டம் வரலாற்றிலிருந்து விலகியது: திப்புவின் குதிரைப்படை வந்து சேர்வதற்குள் அவருடைய படையில் பாதி காஞ்சிபுரச் சாலையை எட்டிவிட்டது. புள்ளலூரில் தோற்ற படையின் விதி கொற்றலைக் கரையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

மதிய உணவுக்குப் பிறகு ஒரு மூலையில் வண்ணம் தீட்டும் பயிற்சி நடந்தது. மைசூர் வீரன் ஒருவனுக்குத் திப்புவின் சின்னமான புலிவரியுள்ள சட்டை தீட்டிக்கொண்டிருந்தவரிடம், 1780இல் ஆட்சியில் இருந்தவர் ஹைதர் என்றும், திப்பு 1782 இறுதியில்தான் பட்டத்துக்கு வந்தார் என்றும், அந்தச் சட்டை பிற்காலத்துக்கு உரியது என்றும் ஒரு பெரியவர் வாதிட்டார். அரை மணி நேரம் நடந்த அந்த வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் மகனிடம் இரண்டு செய்திகளைச் சொல்லி அனுப்புங்கள்: உரியவரைக் கேட்காமல் எந்தப் பொம்மையையும் தொடக் கூடாது, தொட நேர்ந்தால் அடித்தட்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

கேள்வி: இது சதுரங்கத்தின் வேறு வடிவம்தானே? எங்கே தோன்றியது?
– வாசகர், ஆத்தூர்

பதில்: வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. 1780இல், அதாவது புள்ளலூர்ப் போர் நடந்த அதே ஆண்டில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்பவர் சதுரங்கக் கட்டங்களில் ஆறும் மலையும் சேர்த்துப் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். ஜெர்மானிய அரசான பிரஷியாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் கட்டங்களையே நீக்கினார். அவருடைய மகன் 1824இல் வெளியிட்ட விதிகளில் உண்மையான நிலவரைபடமும் பகடையும் நடுவரும் இடம்பெற்றன. அதைப் பார்த்த பிரஷியத் தளபதி மியூஃப்லிங் படை அதிகாரிகளின் பயிற்சிக்கே அதைப் பரிந்துரைத்தார். பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பொதுமக்கள் ஆடும் வடிவத்துக்கு 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் எழுதிய விதிகள் பெரிய தூண்டுதலாக அமைந்தன. சதுரங்கத்தில் இரு பக்கமும் சமம். எதிரியின் காய்கள் அனைத்தும் கண்முன் இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. சமமற்ற இரு தரப்பு மோதுகிறது என்ற வகையில் நம் ஆடுபுலி ஆட்டமே இதற்கு நெருங்கிய உறவு என்பது என் எண்ணம்.

கேள்வி: மனிதர்கள் மாண்டுபோன போரை விளையாட்டாக ஆக்குவது முறையா? ஆசிரியை என்பதால் கேட்கிறேன்.
– வாசகி, சங்ககிரி

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. வெல்ஸ் போரை வெறுத்தவர். உண்மைப் போரைவிட இந்தச் சிறு போர் எவ்வளவோ மேல் என்றுதான் எழுதினார். ஆனாலும் அந்தப் பதிலோடு நான் நின்றுவிட மாட்டேன். புள்ளலூர் மேசையில் ஓலைக்கூரை வீடுகள் சில இருந்தன. விதிப்படி அவை காலாட்படைக்கு மறைவிடம், அவ்வளவுதான். 1780இல் அந்தப் படையெடுப்பில் அன்று கர்நாடிக் எனப்பட்ட வட தமிழகச் சமவெளியின் ஊர்கள் எரிந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னை வரை பஞ்சம் வாட்டியது. சிறைப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடந்தார்கள். பெய்லி 1782இல் அங்கேயே இறந்தார். பகடை இவற்றில் எதையும் சொல்லாது. ஆகவே, ஆட்டம் முடிந்ததும் நடந்தது என்ன, மேசையில் இடம்பெறாதவர் யார் என்று பேசும் குழுவோடு மட்டும் உங்கள் மாணவர்களைச் சேர விடுங்கள். ஏற்காட்டில் அந்தப் பேச்சை நடுவரே தொடங்கி வைத்தார். போரைப் பற்றி ஒன்றும் அறியாமல் அதைப் புகழும் மேடைப் பேச்சைவிட இந்த மேசை எனக்கு நேர்மையானதாகத் தெரிகிறது.

கேள்வி: வாட்டர்லூவும் நார்மண்டியும் எதற்கு? நம் சேலத்துப் போர்களை ஆட முடியாதா?
– வாசகர், ஓமலூர்

பதில்: முடியும், ஆட வேண்டும் என்பதே என் ஆசை. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) சேலமும் கம்பெனியின் கைக்குப் போவதற்கு முன்பு, இந்த மண்ணின் மலைக்கோட்டைகள் பலமுறை கைமாறியிருக்கின்றன. என்னைக் கேட்டால் 1791 நவம்பரில் நடந்த கிருஷ்ணகிரி முற்றுகையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டு இரவோடு இரவாக மேல்கோட்டைக்கு ஏணி சார்த்த முயன்றது. மேலிருந்தவர்கள் உருட்டிவிட்ட பாறைகள் ஏணிகளை நொறுக்கின, படை திரும்பியது. ஏறுபவனுக்கு ஓர் அங்குலத்துக்கு இரண்டு அங்குலச் செலவு, பாறைக்கு ஒரு பகடை என்று விதி வகுத்தால், சிறிய காவல்படை பெரும்படையை எப்படித் தடுத்தது என்பது புரிந்துவிடும். மேசை அமைப்பவர் ஒருமுறை அந்த மலையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து தெர்மாகோலை வெட்டுவது நல்லது.

கேள்வி: குறைந்த செலவில் தொடங்க வழி உண்டா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உண்டு. அட்டைத் துண்டுகளில் ‘குதிரை’, ‘வில்’, ‘ஈட்டி’ என்று எழுதி முதலில் ஆடிப் பாருங்கள். பழங்காலப் போர்களுக்கான டி.பி.ஏ. என்ற விதிமுறையில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு அணிகளே தேவை. 15 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு இரண்டடிச் சதுரப் பலகை போதும், ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். விதிகள் பிடிபட்ட பிறகு பொம்மை வாங்குங்கள். எதிர்ப்படையை நண்பர் ஒருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். இரண்டு படைகளுக்கும் ஒருவரே வண்ணம் தீட்ட முனைந்தால் வேலை பெரும்பாலும் பாதியில் நின்றுபோகும்.