கடைக்காரர் பதில்கள்: நெட் பேக்கும் நம்ம பாக்கெட்டும்

(இராஜபாளையத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். பட்டன் போன்தான், பேசுவதோடு சரி. 28 நாளுக்கு ஒருமுறை 199 ரூபாய் போடுகிறேன். அதில் வரும் 2 ஜிபி தொடாமலே கிடக்கிறது. டேட்டா மலிவு, மலிவு என்கிறார்களே, யாருக்கு?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

வீடியோ பார்க்கிறவருக்கு மலிவுதான் அம்மா. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால், மாதத்துக்கு ஒரு ஜிபி போடவே 250 ரூபாய் பக்கம் ஆகும். இன்றைக்கு அதை ஒரு சாயங்காலத்தில் தீர்த்துவிடுகிறார்கள்.

ஏறியது நுழைவுச் சீட்டு, அதாவது லைன் உயிரோடு இருக்கக் கட்டுகிற குறைந்தபட்சக் காசு. முன்பெல்லாம் என் கடையில் பத்து ரூபாய் டாப்-அப்தான் அதிகம் ஓடும். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நம்பர் எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தப் பத்தும் இல்லாதவர்கள், லைஃப்டைம் சிம்மில் இன்கமிங்கை வைத்தே காலத்தை ஓட்டினார்கள். திருப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், வேறென்ன? 2018 கடைசியில் அதற்கும் வேட்டு வைத்தார்கள்: 28 நாளுக்கு 35 ரூபாய் போட்டால்தான் லைன். ஏர்டெல்லை எடுத்துக்கொண்டால், 2021 ஜூலையில் 49 போய் 79 வந்தது, நவம்பரிலேயே 99 ஆனது, 2023-ல் 155 (அதுவும் 24 நாளுக்குத்தான்), 2024 ஜூலையில் 28 நாளுக்கு 199. காபி கேட்டு வந்தவருக்கு முழுச் சாப்பாட்டு டோக்கன் கிழிக்கிற கதைதான். ஒரு ஜிபி என்ன விலை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பேசுவதே இல்லை.

உங்கள் அம்மாவுக்கு ஒரு வழி இருக்கிறது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் (போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய ஆணையம்) விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே பேக்குகள் வந்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, வருஷத்துக்கு 1849 என்று அப்போது விலை வைத்தார்கள். நீங்கள் போடும் 199-ஐ வருஷத்துக்கு 13 தடவை பெருக்கிப் பாருங்கள்: 2587. எழுநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். பேங்க் ஓடிபியும் வரும். ஆனால் இந்தப் பேக்கை யாரும் கூவி விற்க மாட்டார்கள். கடையில் ‘நெட் இல்லாத பேக்’ என்று நீங்களாகக் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். என் தொழில்காரர்களே கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

மாதம் என்றால் 30 நாள்தானே, இவர்களுக்கு மட்டும் ஏன் 28?
– ஒரு வாசகர், விருதுநகர்

12 தடவை வாங்குவதை 13 தடவை வாங்கலாமே, அதற்குத்தான். இதற்கும் 2022-ல் டிராய் உத்தரவு போட்டது: ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றும் வைத்திருக்க வேண்டும். கேட்டால் கிடைக்கும்.

சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். ஜியோவில் தினம் 1.5 ஜிபி பேக். ஆறு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. ராத்திரி ஆர்டர் வரும் நேரத்தில் மேப் சுற்றிக்கொண்டே நிற்கிறது. தினமும் எக்ஸ்ட்ரா போட்டு மாளவில்லை.
– ஒரு இளைஞர், வியாசர்பாடி

தம்பி, தினக் கோட்டா தீர்ந்தால் ஸ்பீடு 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதில் மேப் ஓடாது. நள்ளிரவு 12 மணிக்குத்தான் அடுத்த கோட்டா. அதற்குள் உன் டின்னர் ஆர்டர் எல்லாம் போய்விடும்.

மேப் அவ்வளவு டேட்டா தின்னாது. செட்டிங்ஸில் எந்த ஆப் எவ்வளவு இழுத்தது என்று பார், திருடன் சிக்குவான். பெரும்பாலும் ஆர்டருக்குக் காத்திருக்கும்போது பார்க்கிற வீடியோதான். வீடியோ குவாலிட்டியை 480-க்கு இறக்கி வை. சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. வாட்ஸ்அப்பில் ஆட்டோ டவுன்லோடை அணைத்துவிடு. நீ சுற்றுகிற ஏரியா மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள், வழியாவது தெரியும்.

அப்புறம் காசுக் கணக்கு. 2024 ஜூலையில் ஒரு ஜிபி பூஸ்டர், அதாவது நீ போடுகிற எக்ஸ்ட்ரா, 15 ரூபாயிலிருந்து 19 ஆனது. அதே விலைப்பட்டியலில் 28 நாளுக்கு, தினம் 1.5 ஜிபி 299, தினம் 2 ஜிபி 349. வித்தியாசம் ஐம்பது ரூபாய். மூன்று பூஸ்டர் போட்டாலே 57 ஆகிவிடுகிறது! அந்த 2 ஜிபி பேக்கில், 5ஜி போனும் 5ஜி சிக்னலும் இருந்தால் அளவே கிடையாது. பெரிய பேக் போடு என்று நான் சாதாரணமாகச் சொல்வதில்லை. உனக்கு அது பெட்ரோல் மாதிரி தொழில் செலவு என்பதால் சொல்கிறேன். அந்தச் செலவைக் கம்பெனி ஏன் தரக் கூடாது என்று கேட்கிறாயா? நியாயமான கேள்விதான். அதைக் கேட்க வேண்டிய இடம் என் கடை இல்லை.

ஒருநாள் நெட் போனால் டீ குடிக்கக்கூட வழியில்லை. இப்படி ஆகிவிட்டோமே?
– பெயர் வேண்டாம், தென்காசி

சட்டைப் பையில் இருநூறு ரூபாய் வையுங்கள். நெட் இல்லாமலும் யூபிஐ அனுப்பலாம்: *99# அழுத்தினால் பட்டன் போனிலேயே நடக்கும், ஒரு தடவைக்கு 5000 ரூபாய் வரை. பேங்கில் கொடுத்த நம்பர் அந்த சிம்மாக இருக்க வேண்டும். எல்லா சிம்மிலும் ஓடாது. டீக்கடையில் போய்ப் பரிசோதிக்காமல், முதலில் வீட்டில் உட்கார்ந்து தங்கச்சிக்குப் பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.